தண்ணீர் ஊற்றும் நேரம்

“இது என்ன சத்திரமா? எழுந்திருடி! புள்ளைங்களக் கூட்டிட்டு வெளிய போ!”

காலை ஏழு மணி. எதிர்ப்பக்கத்து ஒற்றை அறையிலிருந்து முதலில் ஒரு தலையணை தெருவில் வந்து விழுந்தது. அடுத்து ஒரு துணி மூட்டை. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் வாளி. கடைசியில் அங்கே குடியிருக்கும் தையல்காரியின் தங்கச்சியும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும்.

மாடி வீட்டம்மா பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

“கூடப் பொறந்தவளையா இப்படித் துரத்துறே? நீயெல்லாம் ஒரு அக்காவா?”

“அவ்வளவு கரிசனம்னா நீங்களே வச்சுக்குங்கம்மா!”

தையல்காரி கதவைச் சாத்தினாள். தங்கச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

மாடி வீட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. கரிசனம் இல்லாமலா? யாருக்குக் கால் சுளுக்கினாலும் கண் கலங்குகிறவள் அவள். போன மாதம் இதே தங்கச்சி வீடு கேட்டு வந்தபோதும் கலங்கினாள். குடியிருந்த கட்டிடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி எல்லாரையும் காலி செய்ய வைத்துவிட்டார்களாம்.

“ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலைம்மா. மாச வாடகை தேதி தவறாமக் குடுத்துடுவேன். அட்வான்ஸ்தான் மொத்தமா முடியாது.”

“ஐயோ பாவம், கேக்கவே வயிறு எரியுது! ஆனா ஆறு மாச அட்வான்ஸ் இல்லாம நான் யாருக்கும் சாவி குடுத்ததில்லையே.”

மொட்டைமாடியை ஒட்டிய அந்தச் சின்ன போர்ஷன் எட்டு மாதமாகப் பூட்டியே கிடந்தது. பூட்டுக்கு மட்டும் மாதா மாதம் எண்ணெய் போட்டுவந்தாள். இளகிய மனசு இல்லையா, துருப்பிடிப்பதை அவளால் பார்க்க முடியாது.

மறுநாளும் அதே ஏழு மணி, அதே தலையணை, அதே வாளி. அதற்கு மறுநாளும்.

பெரியவளுக்கு இரட்டைப் பின்னல், ரிப்பன் கசங்காமல். சின்னவள் உதட்டுக்கு மேலே பால் மீசை. துரத்தப்போகிற பிள்ளைக்கு யார் உட்கார்ந்து தலை பின்னிவிடுவார்கள் என்று மாடி வீட்டம்மா யோசிக்கவில்லை. பரிதாபப்படும்போது யோசிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. மளிகைக் கடை, இஸ்திரிக் கடை, மருந்துக் கடை என்று மூன்று இடத்திலும் அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மணி பத்தாகிவிடும்.

வியாழக்கிழமை, ஃபைலும் கையுமாக ஒருவர் வந்து கதவைத் தட்டினார். வீடில்லாதவர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து உதவும் அறக்கட்டளையின் விசாரணைக்காரர்.

“எதிர்ல தையல்காரம்மாவோட தங்கச்சி மனு போட்டிருக்காங்க. அக்கா வீட்டுல தங்கியிருக்காங்களா என்னன்னு தெரியணும். அக்கம்பக்கத்துல ஒருத்தர் பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல் நகரும்.”

“தங்குறதா? அந்தக் கல்நெஞ்சக்காரி விட்டாத்தானே! தினம் காலையில மூட்டையோட தெருவுல தள்றா சார். இந்த ரெண்டு கண்ணால பார்க்கிறேன். அந்தப் புள்ளைங்க மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தண்ணி இறங்கமாட்டேங்குது.”

அவர் கொடுத்த தாள் அவளுக்குப் போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கி எழுதினாள். கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடும் போட்டாள்.

விசாரணைக்காரர் படிக்கட்டின் மேல்பக்கம் பார்த்தார். “பூட்டு தொங்குதே, காலியா?”

“அது... அது வேற சமாச்சாரம் சார்.”

“நாங்க அட்வான்ஸ் குடுத்தா இவங்களுக்கு விடுவீங்களா?”

“பணம் கைக்கு வந்தா யாருக்கும் விடுவேன். ஏழை, பணக்காரங்கன்னு எனக்குப் பேதமே கிடையாது.”

இரண்டு வாரத்தில் செக் வந்தது, மாடி வீட்டம்மா பெயருக்கே. தங்கச்சி கையில் சாவியை வைக்கும்போது அவள் வழக்கம்போலக் கண் கலங்கினாள்.

“இனிமே அந்த ராட்சசி மூஞ்சியில நீ முழிக்க வேணாம்மா. நான் இருக்கேன்.”

சொல்லி வாய் மூடவில்லை. தலையணை, மூட்டை, வாளி மூன்றையும் சுமந்துகொண்டு ராட்சசியே படியேறி வந்தாள். சின்னவள் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“பெரியம்மா, நாளைக்கு எங்களைத் துரத்த மாட்டியா? நான் இன்னும் நல்லா அழுவேனே!”

மாடி வீட்டம்மா வாசலை மறித்து நின்றாள். “என்னடி நடக்குது இங்க?”

“என் ரூம்ல தையல் மெஷின் போக ஒரு ஆள் காலை நீட்டத்தான் இடம். அதுல நாலு பேர் முடங்கிக் கிடந்தோம். ஆனா சொந்தக்காரங்க வீட்டுல படுத்திருந்தா வீடில்லாதவங்க கணக்குல வர மாட்டாங்களாம்மா. அதான் காலையில துரத்துவேன். சாயங்காலம் நீங்க சீரியல் பார்க்க உக்காந்ததும் உள்ள கூப்பிட்டுக்குவேன்.”

“அப்ப நான் போட்ட கையெழுத்து?”

“பார்த்ததைத்தானேம்மா எழுதினீங்க. அதுல பொய் எங்க இருக்கு?”

மாடி வீட்டம்மா செக்கைப் பார்த்தாள். சாட்சி தப்பென்று சொன்னால் அதுவும் வந்த வழியே போய்விடும். பத்திரமாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“அது கெடக்கட்டும். தெருவுல இத்தனை பேர் இருக்க, நான்தானாடி கிடைச்சேன்?”

“உங்களை மாதிரி இளகின மனசு வேற யாருக்கும்மா இருக்கு?” தையல்காரி வாளியை இறக்கி வைத்தாள். “அதான் தினமும் நீங்க செடிக்குத் தண்ணி ஊத்துற நேரமாப் பார்த்துத் துரத்தினேன்.”