குறிப்பு என்ற கட்டம்

ஊழியர் உள்நுழைந்ததும், அவரைப் பற்றி நிறுவனத்தின் பயனர் கோப்பகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் காட்டும் இணையப் பக்கத்தை மெர்லின் எழுதி முடித்தாள். சோதிக்கத் தன் கணக்கிலேயே நுழைந்தாள். பெயர், பிரிவு, தொலைபேசி எண் வந்தன. கடைசியாக, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் மேலதிகாரிகள் நிரப்பும் ‘குறிப்பு’ கட்டம்: ‘வாய் அதிகம். சம்பளம் ஏற்றாவிட்டாலும் போகமாட்டாள், அப்பா படுக்கையில்.’

அப்பா படுத்துவிட்டதை அவள் மேலாளர் தணிகைவேலிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். அவரையே கூப்பிட்டுக் காட்டினாள்.

“இத எதுக்கு எடுத்த? தூக்கு மொதல்ல!”

“எல்லாத்தையும் காட்டச் சொன்னது நீங்கதான சார். உங்க ஐடிலயும் ஒருதடவ பாத்துடுங்க, தூக்கிடறேன்.”

விசைகளை அறைவதுபோல் கடவுச்சொல்லை அடித்தார். பக்கம் திறந்தது. அடுத்த கணம் அவருடைய உள்ளங்கை திரையின் கடைசி வரியை அப்பி மூடியது.

“தூக்கிடவா சார்?”

கையை எடுக்காமலே, “இத வேற யாராவது பாத்தாங்களா?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“நான் பாத்தேன் சார்,” என்றாள் மெர்லின். “எனக்குத்தான் வாய் அதிகமாச்சே.”