கல்சுவருக்கு மேலே

அமெரிக்காவின் அந்தச் சிற்றூரில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். செருப்புத் தைக்கும் ஏனோக்கைக் கேப்டனாகவும், மாவு மில் வைத்திருந்த சைலஸை அவருக்கு அடுத்தவராகவும் ஆக்கியது அப்படித்தான். விடுதலைப் போரில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நெருங்கியபோது, கல்சுவருக்குப் பின்னால் குந்தியிருந்த தன் ஆட்களிடம் ஏனோக் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்: "நின்னு சண்டை போடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க." அத்தனை கைகளும் சுவருக்கு மேலே எழுந்தன; எதிரே துப்பாக்கிகள் வெடித்தன. சைலஸின் இரண்டு விரல்கள் திரும்பி வரவில்லை.

இன்று அவர்களில் இந்த இருவர்தான் மிச்சம். அதே சுவரடியில் பழைய கதை பேசிச் சிரித்ததில் பொழுது சாய்ந்துவிட்டது.

"குளிருது. வீட்டுக்குப் போவமா?" என்றார் சைலஸ்.

"ஓட்டு எடுத்துருவோம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு சொல்றவங்க?"

சைலஸ் சிரித்துக்கொண்டே தன் மூன்று விரல் கையைத் தூக்கினார். "அன்னைக்கு நீ மட்டும் தூக்கலை."

"கேப்டனுக்கு ஏதுப்பா ஓட்டு?"

"இப்ப யாருக்குக் கேப்டன் நீ?"

ஏனோக் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். வெறும் புல்வெளி. பிறகு மெல்லத் தன் கையை, அந்த மூன்று விரல்களுக்குப் பக்கத்தில், சுவருக்கு மேலே தூக்கினார்.