குழி இல்லாத சந்து

நிரஞ்சனியின் வலது கால் கணுக்கால்வரை குழிக்குள் இருந்தது. நேற்றைய மழைநீர் காலணிக்குள் ஏறிவிட்டது.

கைப்பேசியிலிருந்த செயலியோ, இங்கே குழியே இல்லை என்றது.

சாலைப் பழுதுகளைப் பொதுமக்களே படமெடுத்து அனுப்பும் செயலி அது. அக்கம்பக்கத்தார் ஆமாம் என்றால்தான் பழுதுபார்க்க லோரி வரும். பெரும்பாலோரோடு ஒத்துப்போகிறவர்களுக்குப் புள்ளிகள், புள்ளிகளுக்குக் கைப்பேசி டாப்-அப். எங்காவது தகராறு என்றால் நேரில் போய்ப் பார்ப்பது நிரஞ்சனியின் வேலை.

சுங்கை வேயின் இந்த முட்டுச் சந்தில்தான் ஆக அதிகமான பேர் செயலியில் சேர்ந்திருந்தார்கள். அலுவலகமே மகிழ்ந்துபோயிருந்தது.

அதில் ஒருவர் மட்டும் வாராவாரம் 'குழி இருக்கிறது' என்று எழுதினார். மற்ற வீட்டார் அத்தனை பேரும் 'இல்லை' என்று அழுத்தினார்கள். செயலி அந்த ஒருவருக்குப் 'பொய்த் தகவல் தருபவர்' என்று முத்திரை குத்திவிட்டது.

அந்த ஒருவர் சீவரத்தினம். ரயில்வேயில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையோடு தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழி அந்த கேட்டுக்கு நேரெதிரே இருந்தது.

"கவர்மென்ட் சர்வீஸ்ல ஒரு பொய் எழுதினவன் இல்ல தம்பி நான். இந்த போன் என்னைப் பொய்யன்னு சொல்லுது!"

நிரஞ்சனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். பின்னல் முதுகில் விழுந்தது.

"இப்ப நீயே பாத்துட்டல்ல தம்பி?" என்றார் அவர்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வயதானவரை ஊரே கூடிப் பொய்யராக்கியிருக்கிறது. நேரே எதிர்வீட்டு கிரிகரியிடம் போனாள்.

"அண்ணே, கண்ணு முன்னாடி இவ்ளோ பெரிய குழி. டாப்-அப்புக்காகவா இல்லன்னு போடுறீங்க?"

கிரிகரி தன் மதிலைக் காட்டினார். ஒரு மூலை முழுக்கப் புதுச் சிமெண்ட். பக்கத்து வீட்டில் கேட் நெளிந்திருந்தது. அதற்கடுத்த வீட்டில் தபால் பெட்டி போய்க் கம்பம் மட்டும் நின்றது.

சீவரத்தினத்தின் மனைவி ஜெயமாலா ஒரு கோப்பை மைலோவோடு வந்து, நிரஞ்சனியின் காதருகே குனிந்தாள்.

"அவருக்குக் கண்ணு பாதி தெரியல மா. டாக்டர் ஓட்டாதீங்கன்னாரு, கேக்கல. இந்தக் குழி வந்த பிறகுதான் வண்டியோட அடி தட்டிடும்னு காரை எடுக்கல. நான்தான் வீடு வீடா போய் எல்லாருக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் குடுத்தேன்."

கேட்டுக்கு உள்ளே, கழுவித் துடைத்த பழைய புரோட்டோன் கார் தெருவைப் பார்த்து நின்றது.

"லோரி இந்த வாரமே வந்துடும்ல?" என்று அங்கிருந்து கேட்டார் சீவரத்தினம். "ஞாயித்துக்கிழமை இவளை பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

நிரஞ்சனி மைலோவைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தாள்.

முதலில் அவர் பெயரிலிருந்த முத்திரையை நீக்கினாள். சீவரத்தினத்தின் கைப்பேசி கிணுகிணுத்தது. ஜெயமாலா அதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'நம்பகமானவர்' என்ற சொல்லை அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நிரஞ்சனி 'குழி இல்லை' என்று அழுத்தினாள்.

செயலி அவளுக்கும் பத்துப் புள்ளிகள் கொடுத்தது.