பொம்மையின் தொப்பை

"பாருங்க சுலோசனாம்மா, உங்க பொம்மை இன்னைக்கும் டயட்ல இருக்குது!"

வியாபாரிகள் சங்கத் தலைவர் பஞ்சநாதன் சொன்னதும், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சுலோசனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை மரக்காணம் கடைத்தெருவை ஜோடிப்பது என்று சங்கத்தில் முடிவானது. கடைக்குக் கடை ஸ்டார் தொங்கியது. மார்க்கெட் சுவரில் பூநாரைகள் ஓவியமாக வந்து இறங்கின. ஃபேன்சி ஸ்டோர் சுலோசனா சொன்ன யோசனைதான் கொஞ்சம் விவகாரமானது. நம்ம ஊர் உப்பிலேயே ஆளுயரத்துக்கு ஒரு பனி பொம்மை!

"உப்புல பொம்மையா? நிக்குமா?" என்று அன்றைக்கே இழுத்தார் பஞ்சநாதன்.

"பொங்கல் வரைக்கும் நிக்கலைன்னா, இனிமே இந்தச் சங்கத்துல நான் வாயே தொறக்க மாட்டேன்."

சங்கத்தில் இருந்த ஒரே பெண் அவள். சவால் விட்டபிறகு பின்வாங்க முடியுமா?

கவிழ்த்த பானைகளின் மேல் ஈர உப்பை அப்பி, கேரட் மூக்கு வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். பொம்மை ஜம்மென்று நின்றது. மழைக்குப் பயந்து இரவில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பாண்டிச்சேரி போகிற கார்கள் எல்லாம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போயின.

ஆனால் பொழுது விடிந்தால் தொப்பையில் ஒரு பள்ளம். நாளுக்கு நாள் பொம்மை இளைத்தது. உள்ளே இருந்த பானை வேறு எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"எவனோ திருடுறான்" என்று வீட்டில் புலம்பினாள்.

"விட்டுத் தள்ளு, உப்புதானே" என்றார் கணவர் பிரபாகரன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

சுலோசனாவால் விட்டுத் தள்ள முடியவில்லை. அவளுடைய சந்தேகமெல்லாம் பாஞ்சாலை மேல்தான். பாஞ்சாலை உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். மழைக்காலத்தில் அங்கே வேலை இருக்காது. அதனால் விடியற்காலையில் பொம்மைக்கு எதிரே அடுப்பு மூட்டி, முதல் பஸ்ஸுக்கு வருகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்பாள். அவளுடைய பையில் எப்போது பார்த்தாலும் உப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் சுலோசனா எழுந்துவிட்டாள். பிரபாகரன் அதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியாம்.

கடைத்தெருவுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். நினைத்தது சரி! தார்ப்பாயைத் தூக்கிவிட்டுப் பொம்மையின் முன்னால் குனிந்திருந்தாள் பாஞ்சாலை. பக்கத்தில் ஒரு பை, அதில் பாதிக்கு உப்பு.

"கையும் களவுமா மாட்டினியா!"

போட்ட சத்தத்தில் டீக்கடையே ஓடி வந்தது. பஞ்சநாதனும் கையில் கிளாஸோடு வந்தார்.

"கத்தாதீங்கம்மா..." பாஞ்சாலை எழுந்து நின்றாள்.

"கத்தாம இன்னா பண்றது? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீ உப்பையே கொண்டு போறியே! உப்பளத்துல வேலை செய்யறவளுக்கு உப்புக்கா பஞ்சம்?"

பஞ்சநாதன் பையைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார்.

"சுலோசனாம்மா, கொஞ்சம் பொறுங்க. தொப்பையில பாருங்க, இப்பதான் அப்பின ஈரம். இது எடுத்த மாதிரி தெரியலையே!"

பாஞ்சாலை உப்புக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"எங்க மொதலாளியைக் கேட்டுத்தாம்மா அள்ளியாறேன். தெனம் வந்து அப்பிட்டுப் போவேன். ஒரு பைக்கு மேல தூக்க முடியலை. அதான் பள்ளம் முழுசா மூடலை."

"நீ எதுக்கு இதைச் செய்யணும்?" சுலோசனாவின் குரல் இறங்கிவிட்டது.

"நாங்க வெயில்ல வாருன உப்பும்மா. அளத்துல நிக்கும்போது யாரு வந்து போட்டோ புடிச்சாங்க? இங்க ஊரே புடிக்குது." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "ஆப்பமும் நல்லா விக்குதும்மா."

சுலோசனாவுக்கு அங்கேயே பூமி பிளந்துகொள்ளக் கூடாதா என்றிருந்தது. நாலு பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடு பாஞ்சாலை" என்றாள். கண் கலங்கிவிட்டது.

"அப்போ எடுக்கறது யாரும்மா? நீ பாத்தியா?" என்றார் பஞ்சநாதன்.

பாஞ்சாலை சுலோசனாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"தெரியலைங்க. ஈரத்துல கரையுதோ இன்னாவோ."

வீட்டுக்குத் திரும்பிய சுலோசனா, கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள். தென்னைமரத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்து, ஒரு மூட்டையை அதில் கவிழ்த்துக்கொண்டிருந்தார் பிரபாகரன். வெள்ளை வெளேரென்று உப்பு.

"இன்னாங்க இது?"

"உப்பு வெச்சா குரும்பை கொட்டாதுன்னு சொன்னாங்க."

"உப்பு ஏது?"

"மரக்காணத்துல பொறந்தவன் உப்பைக் காசு குடுத்தா வாங்குவான்? உன் பொம்மை சும்மாதானே நிக்குது!"

சுலோசனா அவசரமாகக் கொல்லைக் கதவைச் சாத்தினாள். "யாராவது பாத்திருந்தா என் மானம் இன்னா ஆவும்?"

"அந்த ஆப்பக்காரம்மாதான் தெனம் பாக்குது. பாவம், நல்ல மனசு. 'அம்மா காதுல விழ வேணாங்க, ஒடைஞ்சி பூடுவாங்க'ன்னு சொல்லி, மூட்டையைத் தூக்கி சைக்கிள்ல வெச்சி அனுப்புறதே அதுதானே!"