இரண்டாவது சத்தம்

தலைமை என்பது யாருக்கும், எதற்கும் குனியாமை. வெர்மான்ட் மலைச்சரிவுகளில் முப்பது வருடமாகப் பனிப்பலகையில் சறுக்கிவரும் ஹார்லன் ப்ரூயிட்டின் கொள்கை அது. குனிந்தால் மூச்சு முட்டும் அளவுக்குத் தொப்பை விழுந்த பிறகு உருவான கொள்கை.

அதனால்தான் இந்த வருடம் வார் இல்லாத பூட்ஸ். நின்றபடி மிதித்தால் போதும், பலகையோடு பூட்டிக்கொள்ளும்.

"குதிகால்ல ரெண்டு தடவை 'டக்'குனு வரணும் சார். ஒண்ணோட நின்னா பனி சிக்கியிருக்கு, பூட்டு விழலைன்னு அர்த்தம்" என்று கடைக்காரப் பெண் சொன்னபோது ஹார்லன் தன் மனைவி லோர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையசைத்தாள். அவரும் அசைத்தார்.

இன்று அவர் தலைவராக இருக்கும் பனிச்சறுக்குச் சங்கத்தின் பருவத் தொடக்கம். தலைவர்தான் முதலில் இறங்க வேண்டும். விழாமல் அடிவாரம் சேர்ந்தால் தலைவருக்கான சிவப்புத் தொப்பி இன்னொரு வருடம் அவர் தலையில். விழுந்தால் துணைத்தலைவர் தலைக்குப் போய்விடும். ஒன்பது வருடமாக ஹார்லன் விழவில்லை. ஒன்பது வருடமாக லோர்னா துணைத்தலைவர்.

உச்சியில் எல்லோரும் பனியில் உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லோர்னாவின் வார் உறைந்துபோய் அசைய மறுத்தது.

"பாருங்கப்பா, துணைத்தலைவி அடைக்கு உக்காந்துட்டா. குஞ்சு பொரிச்சதும் சொல்லி அனுப்பு, லோர்னா" என்றார் ஹார்லன்.

பொருளாளர் டுவைட் பதிலுக்கு ஏதோ கிண்டல் சொன்னான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஹார்லனும் சிரித்தார்.

முன்கால் நாற்காலி லிஃப்டில் மேலே வரும்போதே பூட்டியிருந்தது. பனியில் உந்தி உந்தி வந்த பின்காலை, ஒட்டிய பனியைத் தட்டிக்கூட விடாமல், பலகைமேல் ஓங்கி மிதித்தார். லோர்னாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

மூன்றாவது வளைவில் பின்கால் கழன்றது. மிச்சச் சரிவைத் தலைவர் வயிற்றால் கடந்து, லிஃப்டுக்கு நேர் கீழே, மேலே போகிற நாற்காலிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி வந்து கிடந்தார்.

சங்கம் சுற்றிக்கொண்டது. டுவைட் அவர் காலைத் தூக்கிப் பார்த்தான். குதிகாலில் பனி கல்லாக இறுகியிருந்தது.

"மேல ஒரே ஒரு சத்தம்தான் வந்துச்சு. புது பூட்ஸ், அவ்வளவுதான்போலன்னு நாங்களும் இருந்துட்டோம்" என்றான்.

"இல்ல டுவைட், ரெண்டு வரணும்" என்றாள் லோர்னா.

ஹார்லன் வாயைத் திறந்தார். இவள்தான் தலையசைத்தாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஒரு சத்தத்துக்குப் பெண்டாட்டியின் தலையை ஏன் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

லோர்னா குனிந்து, பனியில் கிடந்த சிவப்புத் தொப்பியை எடுத்து உதறித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"ஏன் ஹார்லன், உனக்குக் கேக்கலையா?"