மூன்று லட்சம் பேர் பார்த்த சிலை

பட்டாபிராமில் அந்த மாடி வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றபோது, ஃபெலிக்ஸ் செல்போனைப் பார்த்துத் தன் மூன்று லட்சம் ரசிகர்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தான்.

“நீங்க போறதுக்குப் பேரு டூர். நான் போறதுக்குப் பேருதான் பயணம். அந்தந்த ஊரு மக்களோட மக்களா வாழணும் நண்பர்களே…”

அக்கம்பக்கத்து மக்களோடு மட்டும் அவன் பேசுவதில்லை. கோடை லீவுக்கு ஊட்டி போய்வருகிற கூட்டம் என்று இளக்காரம்.

கதவைத் திறந்தால் இன்ஸ்பெக்டர் வேலுசாமி.

“நீதான் ஊர் ஊரா போயி போட்டோ புடிக்கிற ஆளா?”

“டிராவல் போட்டோகிராஃபர்” என்று திருத்தினான் ஃபெலிக்ஸ்.

இன்ஸ்பெக்டர் தன் போனை நீட்டினார். விளக்கொளியில் ஒரு கிழட்டுத் துறவி. அவருக்குப் பின்னால், கையடக்கமான வெண்கலப் புத்தர்.

“போன மாசம் நீ போட்ட படம். இமயமலையில ரோடே இல்லாத கிராமம். நீ படம் போட்ட வாரமே அந்த புத்தரக் காணோம். அந்த வாரம் அங்க வந்த வெளியாளு ஒரே ஒரு போட்டோகிராஃபர்தானாம். நீ இன்னா எழுதிகீற? ‘இந்த வாரம் முழுவதும் இவருடன்தான் என் வாசம்.’”

ஃபெலிக்ஸ் தன் செல்போனை அவசரமாக அணைத்தான்.

சமையலறையிலிருந்து அவன் மனைவி ஷாரன் கரண்டியோடு ஓடிவந்தாள். “சார், அது வந்து…”

“ஷாரன்! உள்ள போ!”

“இன்னாம்மா சொல்ல வந்த?”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்று ஃபெலிக்ஸ் அவசரமாகக் குறுக்கே நின்றான்.

“அப்ப நீ சொல்லு. அங்க போனியா, இல்லியா?”

ஃபெலிக்ஸ் சுவரைப் பார்த்தான். அடுத்த வாரம் வெளியாகவிருக்கும் அவன் புத்தகத்தின் போஸ்டர் அங்கே தொங்கியது: ‘நான் வாழ்ந்த நாற்பது கிராமங்கள்.’

“போனேன்” என்றான்.

“சிலை?”

ஃபெலிக்ஸ் இன்னொரு முறை போஸ்டரைப் பார்த்தான்.

“நான்தான் எடுத்தேன். திரும்பி வர்றப்ப ஆத்துல விழுந்துடுச்சு.”

இருபது வருட சர்வீசில் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்ட திருடனை வேலுசாமி பார்த்ததில்லை. கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனார். கீழ்வீட்டு ஜெயராமன் செல்போனில் படம் எடுத்தார். ஃபெலிக்ஸ் முகத்தை மறைக்கவில்லை. தாடியைத் தடவிச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நடந்தான்.

ஜீப் நகர்ந்ததும் ஷாரன் வக்கீல் ஜாபஸுக்குப் போன் போட்டு அழுதாள்.

“திருடிட்டு மாட்டிக்கிட்டான். நான் இன்னாம்மா பண்றது?” என்றார் அவர்.

“அய்யோ அண்ணே, அந்த வாரம் பூரா அவரு அம்மை போட்டு ஊட்லதான் படுத்துகினு கெடந்தாரு. அவரு இமயமலையப் பார்த்ததே இல்லண்ணே!”

“அப்புறம் எதுக்கு ஒத்துக்கினான்?”

“இல்லன்னா மூணு லட்சம் பேருக்கும் உண்மை தெரிஞ்சுடுமே! அது எவனோ வெளிநாட்டுக்காரன் நெட்ல போட்டிருந்த படம்…”

ஷாரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“அவரு திருடுனது அந்தப் போட்டோவ மட்டுந்தாண்ணே!”