பாலம் பிரிக்கும் நாள்

"கொஞ்ச நேரம்தான், பேசாம இருங்க," என்று சொல்லிவிட்டுப் பெரியவரின் மனைவி பின்னறைக் கதவை வெளியே தாழிட்டாள். வாசலில் கிடந்த அவருடைய செருப்பைக்கூட முன்னாலேயே எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டிருந்தாள். மனுஷன் எங்கே ஓடிவிடுவாரோ என்ற பயம் போல.

ஊரின் பழைய ரயில் பாலத்தை இன்றைக்குப் பிரிக்கிறார்கள். அதில் காவல் வேலை பார்த்த நாலைந்து பேரில் பெரியவரும் ஒருவர். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று காலையிலிருந்து சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

"அங்க போய் நின்னு, புள்ள வேலைக்கு உலை வெச்சிடாதீங்க," என்றாள்.

மகனுக்கும் ரயில்வேயில்தான் வேலை. மேலதிகாரிகள் எல்லாரும் அங்கே வந்திருந்தார்கள். இவருக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

அறையில் இருந்தது ஒரே ஜன்னல். அதையும் அட்டை வைத்து அடைத்திருந்தாள். ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது.

பாலத்தின் வரலாற்றை யாரோ தொண்டை கிழிய முழங்கிக்கொண்டிருந்தார். பாறையை உடைத்துத் தூண் எழுப்பியது, முதல் ரயிலைப் பார்க்க ஊரே திரண்டது, பெருவெள்ளத்தில் நடுத்தூண் சாய்ந்தது. அன்றைக்கு ஒரு காவலாளி சிவப்பு விளக்கோடு ஓடி ரயிலை நிறுத்தினாராம். ஆறு அவரை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"வெளக்குல ஏது எண்ணெய்? டிரைவரே பாத்து நிறுத்தினான்," என்றார் பெரியவர், சுவரைப் பார்த்து. அந்த வீட்டில் அவர் பேச்சுக்குக் காது கொடுப்பது சுவர் மட்டும்தான்.

அந்தத் தியாகியின் பெயரைத்தான் புதுப் பாலத்துக்கு வைத்திருக்கிறோம் என்றது ஒலிபெருக்கி. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பின்னால் முதல் இரும்புத் துண்டு கழன்று விழும் சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்தார். கதவை இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. அழுகை வந்தது, கூடவே இருமலும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார்கள் வந்து நின்றன. யாரோ கதவைத் தட்டினார்கள். மனைவி அடித்துப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு ஓடி வந்து, கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"இருமாதீங்க. உங்க படத்துக்கு மாலை போட வந்திருக்காங்க."